எய்த பின்னும் பத்து நாள்

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தின் களஞ்சியத்துக்கு மென்பொருட் பொதிகளை அனுப்ப 'டிபுட்' என்றொரு கட்டளை உண்டு. அனுப்பியதை விலக்கிக்கொள்ள 'டிகட்'. இரண்டுக்கும் அனுப்புபவரின் மின் கையொப்பம் வேண்டும்.

பிறர் பொறுப்பிலுள்ள பொதியைத் திருத்தினால், அதை உடனே களஞ்சியத்தில் சேர்க்காமல் 15 நாள் வரை காத்திருப்பு வரிசையில் வைக்கலாம். உரியவர் பார்த்து மறுப்பதற்கான அவகாசம் அது.

பல மாதங்களாகப் பதில் தராத ஒருவரின் பொதியைத் திருத்தி, 10 நாள் தவணையிட்டு அனுப்பினோம். அவரை அலட்சியக்காரர் என்றே எண்ணியிருந்தோம். எட்டாம் நாள் மடல் வந்தது. மனைவி நீண்ட நாள் நோயில் இருந்ததாகவும், இனித் தாமே முடித்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். ஒற்றை வரிக் கட்டளையில் எங்கள் திருத்தத்தை விலக்கினோம்.

எய்த அம்பும் சொன்ன சொல்லும் திரும்பா என்பார்கள். களஞ்சியம் ஏற்றுக்கொண்ட பதிப்பும் அப்படித்தான். அதே எண்ணில் மறுபடி அனுப்ப இயலாது. அதற்கு முன்பு சில நாட்களை வைத்தவர்கள் மனிதர்களை அறிந்தவர்கள்.

மூன்று வாரம் கழித்து அவரே திருத்தி அனுப்பினார். எங்களுடையதைவிட அது நன்றாக இருந்தது.