பூங்கார் அரிசிக்கு விசா இல்லை

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அவளால் ஊருக்கு வர முடியவில்லை. அதனால் வளையல்களை எடுத்துக்கொண்டு நானே அமெரிக்கா கிளம்பினேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே 2 கிலோ வீதம் மூன்று துணிப்பைகள். மூன்றிலும் பூங்கார் அரிசி.

பூங்காரைப் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கான அரிசி என்பார்கள் எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம். இந்த மகள் என் வயிற்றில் இருந்தபோது மாமியார் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அதில்தான். அப்புறம் எங்கள் ஊரில் அந்த நெல்லே காணாமல் போயிற்று. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல் ஜெயராமன் ஏற்படுத்திய அந்தக் கணக்கில்தான் பூங்கார் மறுபடியும் எங்கள் வயலுக்கு வந்தது. புது ஆற்றுப் பாசனத்தில் ஒரு மா நிலத்தை ஒதுக்கி, இவர் ஆசையாக நட்டார். அறுத்து, அவித்து, கைக்குத்தலாகக் குத்தி, வசம்பு போட்டு வைத்திருந்த அரிசி அது.

அமெரிக்காவில் இறங்கியதும் ஒரு படிவம் கேட்டார்கள். உணவுப்பொருள், விதை, செடி ஏதாவது கொண்டுவருகிறீர்களா? ‘ஆம்’ என்று எழுதினேன். மறைத்தால் அபராதம் என்று மகள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெட்டியைத் திறந்த பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். “ரைஸ்? இண்டியா?” என்றார். தலையாட்டினேன். கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று பைகளையும் தூக்கி ஓரமாக வைத்தார். செய்தித்தாளில் சுருட்டி வைத்திருந்த கறிவேப்பிலையும் போயிற்று. வளையல்களைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். ‘வெரி பியூட்டிஃபுல்’ என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

காரில் போகும்போது மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். “கோவிச்சுக்காதீங்க அத்தை. காப்ரா வண்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பயந்து 2011-லேருந்தே இந்தியா மாதிரி நாடுகள்லேருந்து வர்றவங்க பெட்டியில அரிசி கூடாதுன்னு வச்சிருக்காங்க. வியாபாரத்துக்குக் கப்பல்ல வர்ற அரிசின்னா, தாவர நலச் சான்றிதழோட வரும்.”

“என் அரிசியில வண்டா?” என்றேன். ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது வயதில் என் சமையலறையையே ஒருத்தி குறை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை விடவில்லை. ஒருநாள் ராத்திரி கணினியில் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். காப்ரா வண்டின் பூர்வீகமே நம் துணைக்கண்டம்தான் என்கிறார்கள். தானியத்துக்குள் இருந்து தின்று மாவாக்கிவிடும் புழு. தீனி கிடைக்காவிட்டாலும் சாகாது. சுவர் இடுக்கிலும் பலகைப் பிளவிலும் வருஷக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும். 1953-ல் அது கலிஃபோர்னியாவின் தானியக் கிடங்குகளில் கண்டுபிடிக்கப்பட்டது. முழுக் கட்டடங்களையும் தார்ப்பாயால் போர்த்திப் புகைமூட்டம் போட்டிருக்கிறார்கள். ஒழித்து முடிக்க 1966 வரை ஆகியிருக்கிறது. செலவு, அந்தக் காலத்துப் பணத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர்!

கறிவேப்பிலைக்கும் காரணம் இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்புகிற ஒரு குட்டிப் பூச்சி, கறிவேப்பிலையிலும் தங்குமாம்.

படித்தேன்தான். ஆனாலும் மனசு சமாதானம் ஆகவில்லை. அது ஆனது ஊருக்குத் திரும்பி, எங்கள் தென்னந்தோப்பில் நின்றபோது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளை என்ன செய்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். எங்களுக்கு மிஞ்சியது நூற்றுக்கு முப்பது மரம். அந்த முப்பதையும் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், அவற்றின் ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, யாரோ மாவால் சுருள் கோலம் போட்ட மாதிரி இருந்தது. பிறகு ஓலையின் மேல்புறம் கரி பூசியதுபோல் கறுத்தது. அடியிலிருந்த வாழை, கொய்யா, கொடியில் காயப்போட்ட வேட்டி எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு.

சுருள் வெள்ளை ஈ என்றார்கள். நம் நாட்டில் முதன்முதலாக 2016-ல் பொள்ளாச்சியில் கண்டறிந்திருக்கிறார்கள். பூர்வீகம் எது தெரியுமா? மத்திய அமெரிக்கா. மைதா மாவைக் கரைத்து ஓலையில் அடித்தால் அந்தக் கரும்படலம் காய்ந்து உதிரும் என்று வேளாண்மைத் துறையில் சொன்னார்கள். தென்னை மரத்துக்கு மைதாக் கஞ்சி! இவர் ஏணியில் நின்று அடிக்க, நான் கீழே நின்று கரைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அந்த விமான நிலையத்துப் பெண்மணி ஞாபகத்துக்கு வந்தார். அங்கே என் அரிசியைத் தூக்கி ஓரமாக வைத்த மாதிரி, இங்கே யாராவது ஏதாவது ஒரு செடியைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தால்?

2008-ல் வந்த பப்பாளி மாவுப்பூச்சியும் இப்படித்தான் வெளியிலிருந்து நுழைந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே ஒரு சுற்று சுற்றியது. கடைசியில் 2010-ல் அமெரிக்கப் பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

நிற்க. சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணன் மகன்.

அவன் பட்டுக்கோட்டை சாலையில் சின்னதாக ஒரு நார்க்கழிவுத் தொழிற்கூடம் வைத்திருக்கிறான். தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளை, ஒரு காலத்தில் சாலையோரம் மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். இப்போது அதற்குத்தான் கிராக்கி. உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தினால், அயல்நாட்டில் மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கிறார்கள். பதினெட்டுப் பெண்கள் அவனிடம் வேலை பார்க்கிறார்கள். கஜாவில் தோப்பு போனவர்கள்தான் பாதிப்பேர்.

ஒரு சமயம் அவனுடைய 40 அடி கன்டெய்னர் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. சரக்கு போய் இறங்கிவிட்டது. சான்றிதழ் போய்ச் சேரவில்லை. கூரியரில் அனுப்பிய அசல் காகிதம் வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் நகலை ஏற்கவில்லை. துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறியது. பதினோரு நாள். அந்தச் சனிக்கிழமை சம்பளத்துக்கு, என் அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தது எனக்குத் தெரியும்.

“ஒரு காகிதத்துக்காகவாடா?” என்றேன்.

“அது வெறும் காகிதம் இல்ல அத்தை. இதைப் படிச்சுப் பாருங்க” என்று பழைய சான்றிதழ் ஒன்றின் நகலை நீட்டினான்.

படித்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. அது சரக்கு வாங்குகிறவருக்கு எழுதியதே இல்லை. இந்தியாவின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு, அந்த நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதும் கடிதம் அது. இன்ன பொருள், இத்தனை மூட்டை, இந்த ஊரில் விளைந்தது, தாவரவியல் பெயர் இது, இன்ன மருந்துப் புகை இத்தனை மணி நேரம் போட்டோம், நீங்கள் பயப்படுகிற பூச்சியோ நோயோ இதில் இல்லை என்று பார்த்துவிட்டோம். கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. ஒரு வீட்டுப் பெரியவர் இன்னொரு வீட்டுப் பெரியவருக்கு எழுதுவது மாதிரி! 1951-ல் ரோமில் உருவான ஓர் உலக ஒப்பந்தப்படி, எல்லா நாட்டிலும் இதற்கு ஏறக்குறைய ஒரே வாசகம்தானாம். இங்கே அதற்கு அடிப்படையான பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் இன்னும் பழசு, 1914-ல் வந்தது.

இந்தக் கடிதம்தான் இப்போது காகிதத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. ‘இ-ஃபைட்டோ’ என்கிறார்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவது என்று நான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. முன்பெல்லாம் டிடி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோமே, இப்போது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் நேரே போய்விடுகிறதல்லவா, அதுபோல. இந்த நாட்டு அதிகாரியின் கணினியிலிருந்து அந்த நாட்டு அதிகாரியின் கணினிக்கே சான்றிதழ் போய்விடும். நடுவில் ‘ஹப்’ என்று உலகத்துக்குப் பொதுவான ஒரு தபால் நிலையம். அது வாங்கிக் கொடுக்குமே தவிர, உள்ளே இருப்பதைப் பிரித்துப் படிக்காது. நூறு நாடுகளுக்கு மேல் அதில் சேர்ந்துவிட்டன. சொந்தமாக மென்பொருள் செய்துகொள்ள வசதியில்லாத நாடுகளுக்கு ஒரு பொது மென்பொருளும் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்த நாடுகளில் நம் பக்கத்து இலங்கையும் ஒன்று.

ஏற்றுமதி செய்பவர் கைக்கே சான்றிதழ் வராததால், போலி முத்திரை, எண்ணைத் திருத்துவது போன்ற வேலைகளுக்கும் வழியில்லை. காகிதச் சான்றிதழில் அதெல்லாம் உலகம் பூராவும் நடந்ததுதான். ஆனால் இரண்டு பக்கமும் இணைந்திருந்தால்தான் இது நடக்கும். ஒரு பக்கம் மட்டும் தயார் என்றால் பழையபடி காகிதம்தான். நம் நாட்டில் விண்ணப்பம், கட்டணம் எல்லாமே இணையத்தில் வந்துவிட்டதால், அண்ணன் மகன் முன்போல் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறுவதில்லை. களத்துமேட்டில் நின்றபடி போனில் தட்டுகிறான்.

எல்லாம் சுலபமாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆய்வு வந்தது.

நான் அன்று அங்கே இருந்தேன், பேரனுக்கு ஜாதகம் எழுதிய கதையை அண்ணியிடம் சொல்லப் போயிருந்தேன். வந்த அதிகாரி இளைஞர்தான். காபி வேண்டாம் என்றுவிட்டார். அடுக்கி வைத்த கட்டிகளில் நாலைந்தை நடுவிலிருந்து உருவச் சொன்னார். உடைத்து, வெள்ளைத் தட்டில் உதிர்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓரத்தில் குனிந்து எதையோ பிடுங்கினார். கோரை. அதன் விதை தட்டிலும் இருந்தது.

இந்தச் சரக்குக்குச் சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு கோரைக்காக அத்தை! கன்டெய்னர் புக் பண்ணியாச்சு. எல்லாம் ஆன்லைன்னு பேரு. கடைசியில ஒரு ஆள் வந்து புல்லைப் புடுங்கிக் காட்டிட்டுப் போறான்!”

எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பதினெட்டுப் பெண்களும் அடுப்பங்கரை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம நெல்லு வயல்ல கோரை இறங்கினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமாடா? உங்கப்பா ஒரு போகம் பூரா அதைப் புடுங்கியே முதுகு ஒடிஞ்சாரே” என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

அந்தச் சரக்கு உள்ளூர் நாற்றங்காலுக்குப் பாதி விலைக்குப் போயிற்று. அடுத்த மாசம் களம் முழுவதும் சிமென்ட் தளம் போட்டான். சுற்றிலும் ஓரடி உயரத்துக்குக் கட்டைச் சுவர். அதற்கு வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் நாலு பெண்கள் சுவருக்கு வெளியே இருக்கும் கோரையையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள். அதற்குத் தனிக் கூலி. அவன் சொன்ன கணக்கில், சான்றிதழுக்குக் கட்டும் பணத்தைவிட இந்தக் கோரைச் செலவுதான் அதிகம்.

போன வருஷம் பேரனைப் பார்க்க மறுபடியும் போனேன். இந்தத் தடவை படிவத்தில் ‘இல்லை’ என்றே எழுதினேன். பெட்டியில் அவனுக்கு ஒரு பட்டு வேட்டி, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மகள் எடிசனில் ஓர் இந்தியக் கடைக்கு அழைத்துப் போனாள். அரிசி வரிசையில் பொன்னி, சோனா மசூரி, சீரகச் சம்பா. கீழ்த்தட்டில் ஓரமாகப் பூங்கார்! 2 கிலோ பை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. சான்றிதழ் பையில் ஒட்டி வராது என்பது தெரிந்திருந்தும், கண் அதைத்தான் தேடியது.

“எடுத்துக்கம்மா, ராத்திரி கஞ்சி வைக்கலாம்” என்றாள் மகள்.

விலையைப் பார்த்து, ரூபாயில் பெருக்கி, அன்றைக்கு ஓரமாக வைத்துவிட்டு வந்த என் 6 கிலோவுக்கு எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இவரிடம் மட்டும் இன்றுவரை அந்தத் தொகையைச் சொல்லவில்லை.