20 வளைவு... 2 ஸ்டெப்!

ஏற்காடுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? லேக்ல போட்டிங், மிளகாய் பஜ்ஜி, பகோடா பாயின்ட்ல எடுத்த குரூப் போட்டோ... எனக்கு மட்டும் பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற ஸ்பிரிங்தான் ஞாபகம் வருது. சிரிக்காதீங்க பாஸ், மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிச்சா இப்படித்தான் ஆகும்!

கதை இதுதான். போன செமஸ்டர் லீவில் நானும் ரூம் மேட்டும் ஒரே பைக்கில் கிளம்பினோம். சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் சாதாரண ரோடு. அதுக்கப்புறம் மலை ஆரம்பம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் உயரம் ஏறிடுறோம். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போர்டு இருக்கும். பக்கத்துச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து உங்க பையையே பார்த்துக்கிட்டு இருக்கும். மூங்கில் குறைந்து சில்வர் ஓக் மரமும் காபிச் செடியும் தெரிய ஆரம்பிச்சா காத்து ஜில்லுனு மாறிடுச்சுன்னு அர்த்தம். (அந்தக் காபியை 1820-களில் இங்கே கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன்.)

நாங்க எதையும் ரசிக்கலை. பின்னாடி என் நண்பன் எழுபத்தைந்து கிலோ, அவன் முதுகில் ஒரு பெரிய பை. பாதி மலை ஏறியிருப்போம், ஒரு இடது பக்க வளைவு. ஹேண்டில்பாரைத் திருப்புறேன், வண்டி திரும்ப மாட்டேங்குது! அகலமா போய் எதிர்ப்பக்கத்துக்கே போயிடுச்சு. மேலே இருந்து ஒரு பஸ். டிரைவர் அண்ணன் பிரேக்கைப் போட்டு, ஏர் ஹார்னை அமுக்கி, ஜன்னல் வழியா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இடைவெளி எவ்வளவுன்னு கேட்காதீங்க. பஸ்ஸோட பம்பரில் ஒட்டியிருந்த சேறு கூட தெளிவா தெரிஞ்சுது.

மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா ஒரு மெக்கானிக் கடை. அந்த அண்ணன் வண்டியைச் சுத்தி ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, ரெண்டு பேர் ஏறுறீங்க, ஷாக் ஒத்தை ஆளுக்கு இருக்கே?" சீட்டுக்கு அடியில் இருந்த டூல் கிட்டிலிருந்து ஒரு வளைஞ்ச ஸ்பேனரை எடுத்தார். மூணு வருஷமா அது எதுக்குன்னே தெரியாம சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன்! ஸ்பிரிங்குக்குக் கீழே படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையம். ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்டெப் மேலே ஏத்தினார். காசு வாங்கலை.

இப்போ கொஞ்சம் கிளாஸ் எடுக்கலாமா? ஓடிடாதீங்க! பின்னாடி எடை கூடினா ஸ்பிரிங் அமுங்கி வண்டியோட பின்பக்கம் தாழ்ந்துடும். மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னாடி போகும். முன் சக்கரத்துக்கு அழுத்தம் குறையும். திருப்புறது முன் சக்கரம்தானே... அதுக்குப் பிடிப்பு குறைஞ்சா வண்டி நேராத்தான் போகப் பார்க்கும். அந்த வளையத்தை ஏத்தினா பின்பக்கம் பழைய உயரத்துக்கு வந்துடும். நிறையப் பேர் நினைக்கிற மாதிரி ஸ்பிரிங் இதனால் கெட்டியாகிறது இல்லை. நிற்கிற உயரம்தான் மாறுது.

நம்ம ஆள் சும்மா இருப்பானா? "மச்சி, ரெண்டே இவ்ளோன்னா, கடைசி ஸ்டெப் வெச்சா ரேஸ் பைக்டா!" மறுநாள் காலையில் ஃபுல்லா ஏத்திட்டு, அவன் தனியா சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு ரவுண்டு போனான். பத்தே நிமிஷத்தில் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தான். ஆள் எடைக்குக் கொஞ்சமாவது ஸ்பிரிங் அமுங்கி நிற்கணும். அப்போதான் பள்ளம் வந்தா சக்கரம் கீழே இறங்கி ரோட்டைத் தொடும். அமுங்கவே இல்லைன்னா சக்கரம் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் பிரேக் போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

காரிலும் இதே பாடம்தான். டிசம்பரில் இன்னொரு நண்பனோட சித்தப்பா கார்ல அதே ரோட்டில் போனேன். 'கம்ஃபர்ட்', 'ஸ்போர்ட்'னு மோட் மாத்தினா ஷாக் அப்சார்பரே இளகும், இறுகும். ஸ்போர்ட்ல போட்டதும் வளைவில் கார் சாயறது குறைஞ்சுது, வாந்தி எடுக்கத் தயாரா இருந்த அவன் தங்கச்சி முகமும் தெளிஞ்சுது. ஆனா பேட்ச் போட்ட இடம் வந்ததும் தடதடன்னு தூக்கிப் போட்டுது. திரும்ப கம்ஃபர்ட். எது நல்ல மோட்னு கேட்டா, ரோட்டைக் கேளுங்கன்னுதான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: பல கார்களில் 'ஸ்போர்ட்' பட்டன் இன்ஜினையும் ஸ்டீயரிங்கையும் மட்டும்தான் தொடும், சஸ்பென்ஷனைத் தொடவே தொடாது. ஷோரூமில் மயங்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

இது புதுசும் இல்லை. 1955-லேயே பிரான்ஸோட சிட்ரோயன் டிஎஸ், எண்ணெயும் வாயுவும் வெச்சு, எவ்வளவு பேர் ஏறினாலும் ஒரே உயரத்தில் நின்னுது. 2002-ல் அமெரிக்காவின் கேடிலாக் செவில் காரில் இரும்புத் துகள் கலந்த எண்ணெய் ஷாக்குக்குள்ளே வந்துது. காந்தப்புலம் பட்டா அந்த எண்ணெய் கண் சிமிட்டும் நேரத்துக்குள் கெட்டியாகும்! 2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் அறிமுகப்படுத்தின எலெக்ட்ரிக் கார்களிலும் சில வேரியன்ட்களில் தானா மாறும் சஸ்பென்ஷன் இருக்கு. என்ன, ரிப்பேர் வந்தா பில்லைப் பார்த்து நம்ம ஷாக் ஆகணும்.

காரெல்லாம் நமக்கு எட்டாதுன்னா, 2024-ல் சென்னையில் வந்த தாழ்தள பஸ்ஸைப் பாருங்க. ஸ்டாப்பில் ஏர் சஸ்பென்ஷன் காத்தை இறக்கி, ஏறுற பக்கமா பஸ் பணிவா சாயும். வீல்சேரில் வர்றவரும் ஏறலாம், முட்டி வலிக்கிற பாட்டியும் ஏறலாம்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நண்பன் பின்னாடி ஏறினான். கடைசி ஸ்டெப்பிலிருந்து ரெண்டாவதுக்கு நானே மாத்தினேன், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இறக்கத்தில் ரெண்டாவது கியர், இன்ஜின் பிரேக். அந்த இடது வளைவு இப்போ எங்களுக்கு வலது. ஓரமா நிறுத்திப் பார்த்தோம். எங்க டயர் கோடு போட்ட இடம் எதுன்னு தெரியலை. ஒரு குரங்கு மட்டும் அங்கே உட்கார்ந்து கொய்யா தின்னுக்கிட்டு இருந்துது.