வாசிகசாலை வளர்த்த ரசனை

நீண்ட காலம் கழித்து யாழ்ப்பாணம் திரும்பும் ஒரு வாசகர் ஊரை வீடுகளால் அளப்பதில்லை, புத்தகம் கிடைத்த இடங்களால் அளக்கிறார். நானும் அப்படித்தான் அளந்தேன். மீளக் கட்டிய பொது நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஒழுங்கை முனைகளில் வாசிகசாலைகள் இயங்கிய சனசமூக நிலையங்களின் பெயர்ப்பலகைகள் இன்னும் தெரிகின்றன. அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. இவற்றைப் பார்த்தபின் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. எமக்குப் பிடித்த புத்தகங்கள் என்று நாம் சொந்தம் கொண்டாடும் பட்டியலை முதலில் எழுதியது ஊர்தான். எங்கே கதிரை போட்டிருந்தார்கள், எந்தச் சஞ்சிகை மேசைக்கு வந்தது, யார் இரவல் தந்தார்கள் என்பவையே ரசனைக்கு அடித்தளம். தனிமனிதரின் தெரிவு அதன்மேல்தான் எழுகிறது.

இதற்கு ஊரின் வரலாறே சான்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசாணையால் பிறந்ததல்ல. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே அதன் வித்து. பின்னர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெற்று, கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. நகரின் நடுவே அது நிமிர்ந்தபோது, கிராமங்களில் வாசிகசாலைகள் அதன் கிளைகள்போல இயங்கின. காலையில் பேப்பர், மாலையில் சஞ்சிகை, ஒரே பிரதியைச் சுற்றிப் பத்துப் பேர், வாசித்ததைப் பற்றி வாங்கில் இருந்தபடியே விவாதம் என்பதுதான் அங்கு நாளாந்த வழக்கம். பேப்பர் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அங்கே வாசகரானது. ஒரு கதையைப் பற்றி வாய்விட்டுப் பேசும் பழக்கத்தையும் அந்த வாங்குதான் கொடுத்தது.

என் விருப்ப நூல்களையே எடுத்துக்கொள்கிறேன். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அவற்றுள் முதன்மையானது. கடலையும் காற்றையும் நம்பிப் பிழைக்கும் மனிதரை அவ்வளவு கிட்ட நின்று பார்த்த நாவல்கள் குறைவு. 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வரிசையாக வெளியிட்டது. நெடுந்தீவும் வன்னியும் நாவலின் களங்களாக வாசகரின் கைக்கு வந்தது அந்தச் சூழலில்தான். இறக்குமதி தளர்ந்ததும் அந்த வரிசை மெலிந்தது. அதே தலைமுறை வாசகர்கள்தாம், அதே கண்கள்தாம். மேசைக்கு வந்தது மாறியது, விரும்பப்பட்டதும் மாறியது. இறக்குமதித் தடையை நான் போற்றவில்லை. ரசனைக்குப் பின்னால் ஏற்பாடு இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அந்த இழப்பு ஈடு செய்ய முடியாதது. ஆனாலும் வாசிப்பு நின்றுவிடவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது, அச்சுத்தாள் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் சனங்கள் வாசித்தார்கள். வாசிப்பை உண்மையில் குலைத்தது ஊர்கள் கலைந்ததுதான். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வலிகாமம் வடக்குக் கிராமங்களில் அப்போது ஆளும் இருக்கவில்லை, வாசிகசாலையும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒருமித்து இடம்பெயர்ந்தது. புத்தகம் எரிந்தபின் இன்னொரு புத்தகத்தை வாங்கலாம். கூடி வாசிக்கும் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது.

எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவை. அந்த வாசிகசாலைகள் எல்லோருக்கும் திறந்திருந்தனவா என்று கேட்பார்கள். இல்லை. கோயிலையும் தேநீர்க்கடையையும் பூட்டிய சாதி, படிப்பையும் பூட்டியது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ அந்தக் கொடுமையின் ஆவணம். ஆனால் ஒடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். டொமினிக் ஜீவா சிகை அலங்கார நிலையத்தையே இலக்கியக் களமாக்கி, 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். இடம் மறுக்கப்பட்டவர் இன்னோர் இடத்தை உண்டாக்கினார். ஆகவே இடம் முக்கியம் என்ற வாதத்தை இந்த வரலாறு உறுதிப்படுத்துகிறது. அது எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது. இரண்டாவது எதிர்வாதம் இணையம். 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளம் பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றியிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் அவற்றை ஒரே நொடியில் திறக்கலாம். அந்தப் பணிக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் தேடற்பெட்டி, தேடத் தெரிந்தவருக்கே விடை தரும். பெயரே கேள்விப்படாத புத்தகத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் வைப்பதற்கு ஒரு மேசையும் ஒரு மனிதரும் வேண்டும். மூன்றாவது, இது புலம்பெயர்ந்தவரின் ஏக்கம் என்பது. ஏக்கம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாடசாலை முடிந்ததும் ரியூட்டரிக்கு ஓடும் இன்றைய பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வெளியே வாசிக்க நேரமும் இடமும் இல்லை என்பது அங்கேயே வாழும் ஆசிரியர்கள் சொல்லும் கவலை.

எனவே வெளிநாடுகளில் இயங்கும் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வளைவும் மண்டபமும் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை ஊர் வாசிகசாலைக்கு ஒதுக்குங்கள். கட்டடத்துக்கு வேண்டாம். மாலையில் கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஒருவரின் மாதச் சம்பளத்துக்கும், சஞ்சிகைகளின் ஆண்டுச் சந்தாவுக்கும் ஒதுக்குங்கள். எந்தச் சாதி, எந்த ஒழுங்கை என்று பாராமல் எல்லாப் பிள்ளைகளும் அங்கே வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். எதை விரும்ப வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விரும்புவதற்கு வேண்டியவை அவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நமக்கு ஊர் செய்ததும் அதுதான்.