மூன்று பற்றுச்சீட்டுகள்

நமது கல்லூரியின் விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் என்னிடம் எதிர்பார்த்திருப்பர். ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளிவந்த நாள்தொட்டுத் தமிழ் கற்பித்து வயிறு வளர்ப்பவன் வேறெதனை எழுதுவான்? ஆயினும், வங்கியொன்றினை வழக்குக்கு இழுத்த கதையை எழுதத் துணிந்தேன். அக்கதையில் வரும் இருவரும் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதே இம்மலரில் அதற்கு இடங்கேட்கும் உரிமை. ஒருவன் நான். மற்றவர், தம் பெயரும் வங்கியின் பெயரும் வரலாகாது என்னும் உடன்பாட்டின்மேல் இசைவு தந்த என் நண்பர்.

2016ஆம் ஆண்டில் நண்பர் தம் வீட்டுக்கு ஓடு போடுவதற்காக வங்கியிற் கடன் பெற்றார். ஆசிரியர் கடனென்றால் பிணையாளர் இருவர் வேண்டும். அவ்விருவரும் பெரும்பாலும் ஆசிரியர்களே. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்பது ஆசிரியர் அறையின் எழுதாச் சட்டம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பென்சிலாற் புள்ளடி இட்டிருந்த இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டேன். 'வாசித்து விளங்கிய பின்னரே விடை எழுதுக' என்று ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிவருபவனின் இலட்சணம் அது.

அப்படிவத்தில் என்ன இருந்ததென்பதைச் சட்டத்தரணி ஒருவர் பின்னர் எனக்கு விளக்கினார். நமது நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளனுக்கு ஒரு சலுகையை அளிக்கின்றது. முதற் கடனாளியிடம் அறவிட முயன்று முடியாத பின்னரே என்னிடம் வருக என்று அவன் கேட்கலாம். அச்சலுகையைத் துறக்கின்றேன் என்னும் வாசகமும் அப்படிவத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. துறந்தது இன்னதென்றறியாமலே துறந்த துறவி நான்.

நிற்க. 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் நண்பருக்குப் படுவான்கரைப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. ஆளுடன் சம்பளக் கோவை செல்லவில்லை. எனவே சம்பளத்திற் கழிக்கப்பட்டுவந்த தவணையும் நின்றது. அதனை அறிந்த நண்பர், மூன்று மாதங்கள் மண்டூர்த் துறையிற் பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கி, எழுவான்கரையிலிருந்த கிளைக்கு நேரிற் சென்று தவணைப் பணத்தைக் கட்டினார். (வாவி கடக்கும் ஓடத்தைப் பாதை என்பது நம் வழக்கு. நீரின்மேல் ஏது பாதை என்று பிறவூர் நண்பர்கள் நகைத்ததுண்டு.)

2018 பெப்ரவரிச் சம்பளத்தை எடுக்கச் சென்றபோது என் கணக்கில் 27,600 ரூபா குறைந்திருந்தது. "நீங்கள் பிணை நின்ற கடனில் மூன்று தவணை நிலுவை, சேர்" என்றார் கருமபீடத்திலிருந்த பெண்மணி.

அன்று மாலை நண்பருடன் தொலைபேசியில் நான் பேசிய சொற்களை இங்கு எழுதேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நான் கட்டிட்டன், மச்சான்." அதற்கு நான், "வங்கிக் கணினி பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். முப்பதாண்டுப் பழக்கத்தையும் ஒரு கணினித் திரையையும் தராசிலிட்டபோது எனக்குத் திரையே கனமாகத் தோன்றிற்று. அதனை எண்ணுந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

மறுநாட் காலை முதல் மணி அடிக்கும் முன்னரே நண்பர் என் பாடசாலைக்கு வந்தார். மூன்று பற்றுச்சீட்டுகளை மேசைமேல் வைத்தார். தேநீர் அருந்துமாறு கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டுச் சென்றார்.

சீட்டுகளில் முத்திரையும் காசாளர் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. கணக்கிலக்கமும் சரியாக இருந்தது. ஆனால் வங்கிப் பதிவில் இறுதி இரு இலக்கங்கள் இடம்மாறி, மூன்று மாதப் பணமும் முன்பின் அறியாத ஒருவரின் கணக்கிற் சேர்ந்திருந்தது. இதனை எழுத்தில் அறிவித்தேன். மார்ச் இறுதியில், ஒரு சொல்லும் இல்லாமல், 27,600 ரூபா என் கணக்குக்குத் திரும்பிற்று.

அத்துடன் முடிந்ததென்றே நானும் கருதியிருப்பேன். ஆனால் ஏப்பிரலில், மகளின் படிப்புக்கென வேறொரு வங்கியிற் சிறு கடன் கேட்ட நண்பருக்கு அது மறுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அமைந்த கடன் தகவல் பணியகம் என்றொரு நிறுவனம் நம் நாட்டில் உண்டு. கடன் பெற்றோர் ஒழுங்காகக் கட்டினரா என்பதை வங்கிகள் அங்கே அறிவிக்கும். வேறு வங்கிகள் அதனைப் பார்த்தே கடன் கொடுக்கும். அவ்வேட்டில் என் நண்பர் தவணை தவறியவராக நின்றார். பணம் திரும்பியதேயன்றிப் பெயர் திரும்பவில்லை. அவர் ஒருநாளேனும் தவணை தவறவில்லை என ஒரு கடிதம் தருமாறு கிளையிற் கேட்டேன். அவ்வாறு கடிதம் தரும் வழக்கம் இல்லை என்றனர்.

இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர் முன்பு சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. கணக்கில் உள்ளதற்கு மேல் எடுத்தாலோ காசோலை திரும்பினாலோ இங்கிலாந்து வங்கிகள் முறைக்கு முப்பது பவுணை அண்டிய தண்டம் அறவிட்டுவந்தன. 2006, 2007ஆம் ஆண்டுகளில் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில், சட்டத்தரணி இன்றித் தாமே படிவம் நிரப்பி, சிறு கோரிக்கை வழக்குகளைத் தொடுத்தனர். விசாரணை நாளுக்கு முன்னரே பல வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. நம் பழைய மாணவரும் அவ்வாறே பெற்றார். பின்னர், 2007 ஜூலையில் வங்கிகளுக்கும் நியாய வர்த்தக அலுவலகத்துக்கும் இடையே பரீட்சார்த்த வழக்கொன்று தொடங்கவே ஏனைய வழக்குகள் நிறுத்திவைக்கப்பட்டன. கீழ் மன்றங்கள் இரண்டிலும் வங்கிகள் தோற்றன. ஆயினும் 2009 நவம்பர் 25ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வங்கிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆதலின் அக்கதை முழு வெற்றிக் கதையன்று. எனினும் படிவம் நிரப்பத் தெரிந்த எவனும் வங்கியைப் பதில் சொல்ல வைக்கலாம் என்பது என் மனத்திற் பதிந்திருந்தது.

சிறு கோரிக்கைகளுக்கெனத் தனி நடைமுறைச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது 2022இலேதான். 2018இல் என் கைக்கெட்டியது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அச்சபையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. வழக்காளி ஒரு மத்தியஸ்தரையும் எதிராளி ஒருவரையும் தெரிவர். அவ்விருவரும் மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவர். இணக்கம் ஏற்படாவிடின் அதற்கொரு சான்றிதழ் தருவர்; அதனைக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம். இவை நடைபெறுவது பெரும்பாலும் விடுமுறை நாளில், பாடசாலைக் கட்டடத்தில்.

விண்ணப்பத்தை வாங்கியவர் அதனை இருமுறை வாசித்தார். வங்கிகளும் கடன் கொடுக்கும் கம்பனிகளும் முறைப்பாட்டாளராக வருவது அங்கே வாடிக்கை. எதிராளியாக வங்கி வருவதை அவர் கண்டதில்லைப் போலும். நண்பருக்கோ இதில் விருப்பமில்லை. "விடு மச்சான்" என்றார். விடும் நிலையில் நான் இல்லை. அவருக்கு நான் பட்ட கடன் வேறு.

முதல் அமர்வுக்கு வங்கியினர் வரவில்லை. அது வைகாசித் திங்கள். அருகிருந்த கண்ணகி அம்மன் கோயிலிலிருந்து வழக்குரைப் பாடல் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. ஒற்றைச் சிலம்போடு அரசன் அவைக்குச் சென்ற பெண்ணின் கதையைக் கேட்டவாறு, மூன்று துண்டுச் சீட்டுகளோடு நான் காத்திருந்தேன். அவளுக்குப் பாண்டியனாவது அவையில் இருந்தான். இரண்டாம் அமர்வுக்கு இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, முடிவு கூறத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார்.

ஓகஸ்ட் மாதம் மூன்றாம் அமர்வுக்கு முகாமையாளரே வந்தார். ஆறாம் வகுப்பு அறை. மாணவர் வாங்கில் முழங்கால் இடிக்க அமர்ந்த அவரைப் பார்க்க எனக்கே இரக்கமாயிருந்தது. தலைவராயிருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர்.

"பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமே, ஐயா" என்றார் முகாமையாளர்.

"தம்பி, காசு வந்திட்டாம். இனி உமக்கு என்ன வேணும்?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"என் நண்பர் தவணை தவறவில்லை என்று ஒரு கடிதம். பணியகத்துக்கும் அதையே அறிவிக்க வேண்டும்."

"பதிவைத் திருத்துவோம். கடிதம் தரும் வழக்கம் இல்லை."

தலைவர் பற்றுச்சீட்டுகளை மேசைமீது வரிசையாக வைத்தார். "இந்த முத்திரை உங்கள் வங்கியினுடையதா?" ஆம் என்றார் முகாமையாளர். "கையெழுத்து?" எங்கள் காசாளருடையது என்றார். "அப்படியானால் இவர் கேட்கும் கடிதத்தை நீங்கள் ஏற்கனவே மூன்று முறை கொடுத்துவிட்டீர்கள். நான்காம் முறை கொடுப்பதில் என்ன தடை?"

பத்து நாளிற் கடிதம் வந்தது. தமிழிலேயே வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. சிவப்பு மையைத் தொடாமலிருக்க நான் பட்ட பாடு தமிழாசிரியர்க்கே விளங்கும்.

அதனை எடுத்துக்கொண்டு பாதையிற் கடந்து மண்டூர் சென்றேன். துறையிலேயே நின்று நண்பர் வாசித்தார். பின், "மகளுக்கு வாசிச்சுக் காட்டப்போறன். அண்டைக்கு நீ போனில பேசினதைப் பக்கத்தில இருந்து அவள் கேட்டவள்" என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2021 பெப்ரவரியில் நண்பர் ஒரு செய்தியை எனக்கு அனுப்பினார். கொல்கத்தாவில் ஒருவர் வங்கிப் பெட்டகத்தில் நகை வைத்திருந்தார். 1994 ஜூன் மாதம் வாடகையும் கட்டியிருந்தார். ஆயினும் வாடகை நிலுவை என்று கூறி, யுனைட்டெட் பாங்க் ஒவ் இந்தியா அவ்வாண்டு செப்டெம்பரில், அவருக்கு அறிவிக்காமலே பெட்டகத்தை உடைத்தது. மறு ஆண்டு சென்று பார்த்தபோது ஏழு நகைகளில் இரண்டே எஞ்சியிருந்தன என்பது அவர் முறைப்பாடு. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறிய அவருக்கு, 2021 பெப்ரவரி 19ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா நட்டஈடும் ஒரு இலட்சம் வழக்குச் செலவும் வழங்கியது. பெட்டகங்களுக்கு ஆறு மாதத்துள் விதிகள் வகுக்குமாறு ரிசர்வ் வங்கியையும் பணித்தது. நகை எவையெவை என்னும் பிணக்கை மட்டும் சிவில் நீதிமன்றத்துக்கு விட்டது. செய்தியின் கீழே நண்பர் எழுதியிருந்தார்: "அவருக்கு இருபத்தாறு ஆண்டு. நமக்கு ஆறு மாதம்."

சென்ற ஆண்டு நண்பர் மீண்டும் கடனுக்கு விண்ணப்பித்தார், வேறொரு வங்கியில். பிணைக்கு என்னையே கேட்டார். படிவத்தைத் தமிழிற் கேட்டு வாங்கி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். உத்தியோகத்தர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது, நண்பர் வீதிக்கு அப்பாலிருந்த கடையில் இரண்டு தேநீருக்குச் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.