நான்காம் வேற்றுமை

ஒரு ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்த்துத் தருவதாக நண்பர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டு மூன்று மாதங்களாகின்றன. பதினாறு வரிக் கவிதை. பதினைந்து வரிகள் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டன. மிச்சமிருக்கும் வரியில் கடினமான சொல் ஒன்றுமில்லை. 'வான்ட்' என்ற சொல்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த சொல். அகராதியை எடுத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டிய சொல். எடுத்துப் பார்த்தேன்.

மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆசையோடு சம்பந்தமில்லை. நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு இல்லாமலிருத்தல், குறைபடுதல் என்றுதான் பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் 23ஆம் சங்கீதத்தில் அது இந்தப் பொருளில்தான் வருகிறது. நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'தாழ்ச்சி' என்றிருக்கிறது. விரும்புதல் என்ற பொருள் அதற்கு 18ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் நிலைபெற்றது. இல்லாமை மெல்ல மெல்ல விருப்பமாகிவிட்டது. ஒரு சமூகம் எப்போது தன் இல்லாமையை விருப்பம் என்று அழைக்கத் தொடங்குகிறது என்பது பொருளாதாரக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். என் கஷ்டம் வேறு. கவிதையில் அந்தச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆசை, அவா, இச்சை, விழைவு, விருப்பம், வேட்கை, நசை, காமம் என்று நிகண்டுக்காரர்கள் மாதிரி அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பொய். எந்த இரண்டும் ஒன்றல்ல. பிறர் பொருள்மேல் போகும் ஆசையை 'வெஃகுதல்' என்று தனியே பிரித்து இல்லறவியலில் வைத்தார் வள்ளுவர். 'அவா'வைத் துறவறவியலில் வைத்தார். காமத்துக்கு ஒரு பாலையே ஒதுக்கினார். முதல் இரண்டையும் விடச் சொன்னவர் மூன்றாவதை விடச் சொல்லவில்லை. மூன்றும் ஒன்றென்றால் இந்தப் பாகப்பிரிவினை எதற்கு?

தொல்காப்பிய உரியியலில் ஒரு செய்தி இருக்கிறது. 'நம்பு', 'மேவு' என்ற இரண்டு சொற்களுக்கும் நசை என்று பொருள். அதாவது ஒரு காலத்தில் தமிழில் நம்புவதும் விரும்புவதும் ஒன்றாக இருந்திருக்கின்றன. இப்போது நம்புகிறவன் ஒருவன், விரும்புகிறவன் இன்னொருவன். 'ஆசை'க்கும் அகராதியில் இன்னொரு பொருள் உண்டு: திசை. வடமொழியிலேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இருக்கின்றன. தற்செயல் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். 'வேட்கை'யின் வேரிலிருந்து வந்த 'வேட்பு' இன்று தேர்தல் சமயத்தில் மட்டும் உயிர்பெறுகிறது. வேட்பாளர் என்றால் ஆசைப்படுகிறவர். ஆசைப்படுகிறேன் என்று கூச்சமில்லாமல் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே மனு தமிழில் வேட்பு மனுதான்.

இத்தனை சொற்களையும் ஒதுக்கிவிட்டு அன்றாடம் நாம் புழங்குவது 'வேண்டும்' என்பதைத்தான். 'வான்ட்' என்ற சொல்லுக்கு அதைப் போட்டுவிட்டு நான் அன்றைக்கே கவிதையை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆங்கிலக்காரன் 'நான்' என்று தொடங்குகிறான். அவனுடைய ஆசைக்கு அவனே எழுவாய். தமிழில் 'எனக்கு வேண்டும்.' நான்காம் வேற்றுமை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கம் வருகிறது என்கிற வரிசை. ஆசையும் காய்ச்சல் மாதிரி எங்கிருந்தோ வந்து என்மேல் இறங்குகிறது. எனக்கானாலும் உனக்கானாலும் அவளுக்கானாலும் 'வேண்டும்' மாறுவதில்லை. 'போக வேண்டும்' என்று ஒருவன் சொன்னால் அது அவன் ஆசையா, அவன் தலைவிதியா என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (இந்த 'வேண்டும்' எது என்று எனக்கே தெரியவில்லை.) நெருங்கியவரை 'வேண்டியவர்' என்கிறோம். அந்த நெருக்கத்தில் ஆசை எவ்வளவு, தேவை எவ்வளவு என்று கேட்காமலிருப்பது நாகரிகம்.

இதிலிருந்து தப்பித்து, 'நான்' என்று எழுவாயாக நின்று அதே வினையைச் சொல்லிப் பார்த்தேன். நான் வேண்டுகிறேன். அந்தக் கணமே கை குவிந்துவிடுகிறது. ஆசை பிரார்த்தனையாகிவிடுகிறது. தமிழில் ஒருவன் தன் ஆசைக்குத் தானே எழுவாயானால் அவன் ஒரு சன்னிதியில் நின்றாக வேண்டியிருக்கிறது.

இதை நான் இலக்கணப் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். செங்கம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில் அப்பா அங்கே ஓர் ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மர ஸ்டூல், ஒரு தகரப் பெட்டி, பெட்டியின் மேல் அட்டை. விடுமுறை நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டுவேன். ஒரு நாள் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்பிள்ளை முன்னால் வந்து குந்தினாள். நாற்பது வயதிருக்கும்.

"இன்னாம்மா வோணும்?" என்றார் அப்பா.

அவள் என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. கிழக்கே ஓடை என்றாள். மேற்கே பாறை. வடக்கே கொழுந்தன் கொல்லை. தெற்கே பலாமரம், அதற்கப்புறம் காட்டிலாகா கல். மாமியார் காலத்திலிருந்து சாமை விதைக்கிறோம் என்றாள். சொல்லும்போது ஒவ்வொரு திசைக்கும் கையைக் காட்டினாள், ஏதோ நாங்களும் அந்தக் கொல்லையின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல. அப்பா அதையெல்லாம் நான்கெல்லையாக எழுதிக்கொண்டார். முடிவில் வழக்கமாகப் போடும் வரியைப் போட்டார். சமூகம் மனமிரங்கி மேற்படி நிலத்துக்குப் பட்டா வழங்க உத்தரவிடும்படி மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். பிறகு படித்துக் காட்டினார். படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கமாட்டார்.

"வேண்டிக்கிறதா? நான் இன்னா கோயிலுக்கா வந்தேன்? எனக்கு வோணும்னு எழுதுங்க ஐயா" என்றாள்.

"அப்பிடி எழுதினா மனு ஆவாதும்மா."

அவள் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டை விரலை நீட்டினாள். மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே, "என் கொல்லைய நான் எதுக்கு வேண்டிக்கணும்?" என்றாள். அப்பாவிடம் சொன்ன மாதிரி இல்லை. அப்பாவும் பதில் சொல்லவில்லை. அந்த மனு என்னவாயிற்று என்று தெரியாது. மனு எழுதுகிறவர்கள் அதை விசாரிக்கும் வழக்கமில்லை.

இதற்கு அநேக வருஷங்கள் கழித்து மலைபடுகடாத்தை உ.வே.சாமிநாதையர் பதிப்பில் உட்கார்ந்து படித்தேன். 583 அடி. நன்னனுடைய செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்று அறிஞர்கள் சொல்வதால் ஊர்ப் பற்றில் எடுத்தது. பரிசில் பெற்று வருகிற கூத்தன் பெறப்போகிற கூத்தனுக்குச் சொல்லும் பாட்டு. இரப்பவர்களின் பாட்டு என்று கூச்சத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. பாட்டில் பெரும்பகுதி பரிசில் அல்ல, வழி. எந்த மலையில் எங்கே வழுக்கும், எந்தப் புனத்தில் என்ன பொறி இருக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், சேயாற்றங்கரை எப்படிப் போகும். எனக்கு இது வேண்டும் என்று சொல்வதற்குப் பதிலாக இப்படிப் போ என்கிறது. நான் தற்செயல் என்று ஒதுக்கியிருந்த அகராதிப் பொருள் அப்போதுதான் திரும்பி வந்தது. அந்தப் பெண்பிள்ளை, என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நான்கு திசையைச் சொன்னாள். அவள் பதில் சொல்லவில்லை என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

2006இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின்கீழ் காட்டில் வாழ்கிறவர்கள் கொடுப்பது மனு அல்ல, உரிமை கோரும் படிவம். 'கோரு' என்பதும் ஆசைச் சொல்தான், தெலுங்குக்காரர்களைக் கேட்டால் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக, அவள் கேட்ட வினைச்சொல்லை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம். சட்டம் சொல்லை மாற்றியது, சரி. நம் கை மாறியிருக்கிறதா? அப்பாவைக் குறை சொல்வது எனக்குச் சுலபம். நாற்பது வருஷமாக நான் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் 'வெளியிட வேண்டுகிறேன்' என்றுதான் முடிகின்றன. என் கவிதைகளைப் பற்றியும் ஒரு சந்தேகம் உண்டு. ஏக்கம், தாகம், தவிப்பு என்று நாங்கள் எழுதிக் குவித்ததில் பாதி, எனக்கு வேண்டும் என்று சொல்லத் தைரியமில்லாதவர்கள் போட்ட மனுக்கள். அப்பாவின் மனுக்களிலாவது நான்கெல்லை இருந்தது.

'வான்ட்' என்ற சொல்லுக்கு மூன்று மாதமாக நான் தேடியது ஒரு கௌரவமான சொல்லை. வேட்கை என்று ஒரு தடவை போட்டேன். விழைகிறேன் என்று போட்டேன். அடித்தேன். இரண்டும் அப்பாவுடைய கடைசி வரி மாதிரியே இருந்தன: வேறொருவருடைய வாயில் நான் வைக்கிற மரியாதை. இல்லாமையும் ஆசையும் ஒரே சொல்லில் வர வேண்டும் என்று அலைந்தேனே, அந்தச் சொல்லை அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். எழுவாய் இல்லாவிட்டால் என்ன? அவளுக்கு நான்காம் வேற்றுமையே போதுமானதாக இருந்தது. காய்ச்சல் எப்படி வேறு யாருடையதும் இல்லையோ அப்படி அந்த 'எனக்கு' வேறு யாருடையதும் இல்லை.

நேற்று அந்த வரியில் 'எனக்கு வேண்டும்' என்று எழுதி நண்பருக்கு அனுப்பிவிட்டேன். கூடவே வைத்த கடிதத்தின் கடைசி வரிக்கு வந்தபோது பேனா பழக்கப்படி 'வேண்டு' வரைக்கும் போய்விட்டது. அதை அடித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டேன்.