வண்டிக்கும் ஒரு சீட்டு

சென்னை மூலக்கடையைக் கடந்து போகும் ஜி.என்.டி. ரோடு, செங்குன்றத்துக்கு அப்பால் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாகிக் கொல்கத்தா வரை நீள்கிறது. பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. நாயுடுப்பேட்டை வரை அதில் போய், மேற்கே திரும்பி, காளஹஸ்தி வழியாகத் திருப்பதி அலிபிரியில் கொண்டுபோய் நிறுத்தினால் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஒரே பகலில் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் பழவேற்காடு ஏரி, நேலப்பட்டுப் பறவைகள், தடா அருவி, ஸ்ரீஹரிகோட்டா என்று வழியில் இருப்பவற்றில் இரண்டைப் பார்க்க நினைத்தாலும் ஓர் இரவு தங்கியாக வேண்டும். தங்க லாட்ஜ் இருக்கிறது, சாப்பிட மெஸ் இருக்கிறது. கீழே நிற்கும் வண்டி காலையிலும் அங்கேயே நிற்குமா என்பதற்குத்தான் யாரும் பொறுப்புச் சொல்வதில்லை. இதை இடப் பற்றாக்குறை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தால் அந்தக் காரணம் நிற்காது. இடம் ஊருக்கு ஊர் இருக்கிறது. வண்டியை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லை.

செங்குன்றம் முதல் ஆரம்பாக்கம் வரையிலான தமிழ்நாட்டுப் பகுதியில் சொல்ல அதிகமில்லை: கன்டெய்னர் லாரி, கிடங்கு, சிப்காட். சென்னையிலிருந்து கிளம்புகிறவர் இங்கே தங்க மாட்டார். தெற்கே திருவொற்றியூர் புல்லட்டுக்குப் பெயர்போன ஊர். எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி வட்டாரத்தில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலை. மோட்டார் சைக்கிள் செய்யும் ஊர்களுக்கு நடுவே போகும் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இரவில் புகலிடம் இல்லை. வழிப்போக்கனுக்கு இரவுத் தங்கல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில் நெல்லூர் வழியாக ஊர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதி வைத்த யாத்திரைக் குறிப்பு ஊர் ஊராக, இறங்க வசதி உண்டா, கடை உண்டா, தண்ணீர் எப்படி என்று பதிந்துகொண்டே போகிறது. கோயிலுக்குக் கொடுத்த அக்கறையை இறங்குமிடத்துக்கும் கொடுத்தார். இன்றைய பயணக் கட்டுரைகளில் அந்த அக்கறை அரிது.

சூளூர்பேட்டைக்கு வந்ததும் கேள்வி முற்றுகிறது. காளங்கி ஆற்றங்கரை ஊர். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். சென்னைப் புறநகர் ரயில் இங்கே வந்து முடிவதால் கடைத்தெருவில் தமிழும் தாராளமாகக் கேட்கும். இந்த அளவு ஊர்களில் லாட்ஜ் எப்படி இருக்கும் என்பது பைக்காரர்களுக்கு மனப்பாடம். கீழ்த்தளம் முழுக்கக் கடைகள், இரண்டு ஷட்டர்களுக்கு நடுவே ஒடுக்கமான மாடிப்படி, முதல் மாடியில் ரிசப்ஷன். வண்டி நிற்பது கடை வாசலில். இரவு கடை மூடிய பிறகுதான் படியோரம் ஏற்ற முடியும். காலையில் திறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். பார்க்கிங் உண்டா என்றால், "இருக்கு சார், வாட்ச்மேன் பாத்துக்குவாரு" என்று பதில் வரும். மேசைமேல் நீளப் பதிவேடு விரித்திருக்கும்: பெயர், முகவரி, எங்கிருந்து வருகை, எங்கே பயணம், ஆதார் எண், வந்த நேரம். அதே வரிசையில் வண்டி எண் என்றும் ஒரு கட்டம். ஆக, இன்ன வண்டி இன்ன இரவில் தன் வாசலில் நின்றது என்பதை லாட்ஜ் ஏற்கெனவே எழுதி வைக்கிறது. போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக எழுதுகிறது. அதே வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது சுவரில் ஒட்டிய ஒற்றை வாசகம்: வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

ஊருக்கு எப்போதாவது வரும் தொந்தரவு என்று இதை ஒதுக்க முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் உட்கார்ந்து ராக்கெட் பார்க்கும் மாடம் 2019இல் திறந்தது. ராக்கெட் பார்வையாளர் வசதிக்குக் கிளம்புவதில்லை. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு பி.எஸ்.எல்.வி. புறப்பட்டது இரவு 10 மணிக்கு. அதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் லாரிகளுக்கு நடுவே சென்னைக்கு ஓட்டுவது அறிவுடைமை ஆகாது. அடுத்த மாதம் 29ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல், காலை 6:23க்கு. அதைப் பார்க்க முந்தின இரவே வந்திருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்பதும் உறுதியில்லை: 2019 ஜூலை 15 அதிகாலை 2:51க்குக் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2, இன்னும் 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்டு, 22ஆம் தேதிதான் போனது. ஜனவரியில் பூநாரைத் திருவிழா வேறு. 2025இல் 18 முதல் 20 வரை சூளூர்பேட்டை, நேலப்பட்டு, அட்டகானித்திப்பா, பி.வி. பாளையம் என்று பழவேற்காடு ஏரியைச் சுற்றியே நடந்தது. ஏரிச் சாலையின் இருபுறமும் முழங்கால் ஆழ உப்பு நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். வடக்கே 20 கிலோமீட்டரில் நேலப்பட்டில், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை ஊட்டும். மேடைக் கச்சேரி, படகுச் சவாரி, உணவுக் கடை என்று மூன்று நாளும் ஊர் நிரம்பி வழியும். கேமராப் பையை முதுகிலும் கூடாரத்தைப் பின் சீட்டிலும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அறையைவிட வண்டியை நம்பி நிறுத்த இடம் தேடியே அலுத்துப் போவார்கள். அந்தத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் மத்திய அமைச்சரவை 3,984.86 கோடி ரூபாயில் மூன்றாவது ஏவுதளத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ராக்கெட்டை நிறுத்த மூன்றாவது தளம் வருகிறது. அதைப் பார்க்க வருகிறவர் பைக்கை நிறுத்த இன்னும் முதல் தளமே இல்லை.

திருட்டுப் பயமில்லாத ஊருக்குச் சீட்டும் பூட்டும் எதற்கு என்று சூளூர்பேட்டைக்காரர் கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. ஊரின் செங்காளம்மன் கோயிலில் இரவு பகல் எந்நேரமும் கதவடைப்பது கிடையாது. கதவு போட முனைந்தபோது அம்மன் கனவில் வந்து வேண்டாம் என்றாள், அதற்கென்று கொண்டுவந்த பலகை கோயிலுக்குப் பின்னால் துளிர்த்து மரமாயிற்று என்பது ஐதீகம். 2023 செப்டம்பர் 1 அன்று, ஆதித்யா எல்-1 கிளம்புவதற்கு முந்தின நாள், அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வந்து கும்பிட்டதும் இந்தச் சந்நிதியில்தான். அடையாத கோயிலை அம்மன் காக்கிறாள் என்பது நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியும் காரணமும் உண்டு: எப்போதும் யாராவது வந்து போகிறார்கள், எங்கள் கோயில் என்று ஊரே பொறுப்பெடுத்திருக்கிறது. வெளியூர் நம்பர் பிளேட்டோடு கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. யாராவது தள்ளிக்கொண்டு போனால், வண்டிக்காரர்தான் எடுக்கிறார் என்று பார்த்தவர் நினைப்பார். ஊரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. அது முகம் தெரியாத வண்டிக்கும் போய்ச் சேர ஓர் எழுத்து வேண்டும்.

எழுத்துக்கு என்ன பலம் என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் வேறொருவர் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறோமே என்றது ஓட்டல். 2019 நவம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் தன் பொருளைப் பார்க்கும் கவனத்தோடு அதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தோம் என்று காட்ட வேண்டியது ஓட்டலின் கடமை. ஒரு வரி அச்சடித்து அஜாக்கிரதையிலிருந்து தப்ப முடியாது. லாட்ஜ் சுவர் வாசகத்தின் மதிப்பு இவ்வளவுதான். ஆனால் பைக்காரருக்கு இதில் ஒரு சிக்கல். அந்த வழக்கில் சாவி கைமாறியது. பைக்காரர் சாவியைக் கொடுப்பதில்லை. சைடு லாக் போட்டு, டிஸ்க் லாக் மாட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறார். வண்டியை என்னிடம் ஒப்படைக்கவே இல்லை என்று லாட்ஜ் சொல்ல இடம் இருக்கிறது. இன்ன எண் வண்டியை, இன்ன நேரத்தில், இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றோம் என்று ஒரு சீட்டு இருந்தால் அந்த வாதத்துக்கு வலு இருக்காது.

பத்து அறை லாட்ஜ் முதலாளி இந்தப் பொறுப்பைத் தாங்குவாரா என்பது நியாயமான கேள்வி. தனியாகத் தாங்க வேண்டியதில்லை. இதே வேலையைக் காலங்காலமாகச் செய்யும் தொழில் ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது: ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டு. இரண்டாகக் கிழியும் டோக்கன். ஒரு பாதி ஹேண்டில்பாரில் செருகியிருக்கும், மறுபாதி சட்டைப்பையில். பாதியைத் தொலைத்துவிட்டு வந்தால் வண்டியின் சொந்தக்காரரையே நிறுத்தி ஆர்.சி. புக்கைக் காட்டச் சொல்வார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் விட்ட வண்டிகள் மாலையில் கிளம்பிவிடும். பைக் பயணிக்கு இடம் தேவைப்படுவது அதன் பிறகுதான். லாட்ஜ்காரர் ஸ்டாண்டுக்காரரோடு பேசி, அறைக் கட்டணத்திலேயே ஸ்டாண்டுக் கூலியையும் சேர்த்து வாங்கிச் சீட்டுக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஸ்காட்லாந்தில் பைக்காரர்களை வரவேற்கும் விடுதிகளுக்கு அரசுச் சுற்றுலா அமைப்பு தனிச் சான்றே கொடுத்திருக்கிறது. இங்கே சான்று வேண்டாம், டோக்கன் போதும். பூட்டும் காப்பீடும் இருக்கின்றனவே என்பார்கள். காப்பீட்டுப் பணத்துக்கு முதல் தகவல் அறிக்கை, இரண்டு சாவிகள், வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்று எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டு வண்டி ஆந்திராவில் போனால் மாநிலம் தாண்டி அலைச்சல். சுங்கம் கட்டாத இருசக்கர வண்டிக்கு நெடுஞ்சாலை வசதி எதற்கு என்பது இன்னொரு வாதம். லாரி ஓட்டுநர்களுக்குப் பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' ஓய்விடங்கள் வந்திருப்பது நல்லது. பைக்காரர் அதைக்கூடக் கேட்கவில்லை. தான் கொடுக்கும் காசுக்கு ரசீது கேட்கிறார்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஏரியின் பக்கத்திலிருந்து வரும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போட்ட சாலையே பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டி நீரோட்டத்தைக் குறைத்தது. முகத்துவாரம் மணல் மூடுவது மீனவர்களின் பழைய குறை. இதற்குமேல் பைக் கூட்டத்தையும் அழைப்பதா? ஆனால் இன்று ஏரிக்கரை வரை பைக்குகள் போவதற்கு ஒரு காரணம், அவற்றை நம்பி விட்டுவிட்டுப் போக ஊருக்குள் இடமில்லாததுதான். மூட்டை முடிச்சோடு கூடிய வண்டியைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டியவர், பறவை பார்க்கவும் அதிலேயே போகிறார். ஹாரனும் சைலன்சரும் கூடவே போகின்றன. வண்டி சூளூர்பேட்டையில் பத்திரமாக நிற்கும் என்று தெரிந்தால் அவரைப் பஸ்ஸில் ஏற்றி நேலப்பட்டுக்கு அனுப்பலாம். பறவைகளின் நலனைப் பேசுகிறவர்களே முதலில் கேட்க வேண்டிய வசதி இது.

மிச்ச வழியைச் சுருக்கமாக முடிக்கலாம். நாயுடுப்பேட்டை திரும்புமிடம். காளஹஸ்திக்கு வருகிறவர்களில் பலர் ராகு கேது பூஜை முடித்து அன்றே கிளம்பிவிடுவார்கள். திருப்பதியில்தான் மறுபடி தங்கல் வருகிறது, ஏனென்றால் மலைப்பாதையில் இரவு நேரத்தில் இருசக்கர வண்டியை விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானபின் மாலை 6 மணிக்கே நிறுத்தினார்கள். அதே அலிபிரியில், 3,550 படி ஏறப் போகிறவரின் பையைத் தேவஸ்தானம் இலவசமாக வாங்கி, சீட்டுக் கொடுத்து, மலைமேல் கொண்டுபோய் ஒப்படைக்கிறது. செல்போனுக்கும் அப்படியே. தினமும் பல்லாயிரம் பேரின் உடைமையைச் சீட்டை நம்பியே காக்க முடிகிறது என்பதற்குச் சாலையின் கடைசி முனையிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு லாட்ஜின் ஐந்தாறு பைக்குகளுக்கு அது முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

சூளூர்பேட்டை நகராட்சி அடுத்த பூநாரைத் திருவிழாவுக்கு முன் செய்ய வேண்டியது சிறிய வேலைதான்: பதிவேட்டில் வண்டி எண் எழுதும் எந்த லாட்ஜும் அதற்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்வது, ஸ்டாண்டுகளை இரவிலும் திறந்து வைக்கச் செய்வது, நேலப்பட்டுக்குத் திருவிழா நாட்களில் பஸ் விடுவது. அதுவரை பைக்காரர்கள் அறையின் ஏ.சி.யைப் பற்றிக் கேட்பதற்கு முன் வண்டிச் சீட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த லாட்ஜுக்கு நடையைக் கட்டுங்கள். நாலு வாடிக்கையாளர் அப்படிப் போனால் ஐந்தாமவருக்குச் சீட்டு அச்சாகிவிடும்.