கேட்காமல் போட்ட கணக்கு

மார்ச் 3, ஞாயிறு

நாற்பத்தாறு வயதில் அறவியல் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். பள்ளியில் நீதிபோதனை வகுப்பு இருந்தது. பொய் சொல்லாதே, திருடாதே என்பதற்குள் மணி அடித்துவிடும். ஏன் கூடாது என்பதற்கு யாரும் வரவே இல்லை.

முதல் பாடம் ஜான் ஸ்டூவர்ட் மில். ஒரு செயலால் எல்லோருக்கும் விளையும் நன்மையையும் தீமையையும் கூட்டிக் கழித்துப் பார்; நன்மை மிஞ்சினால் அது சரியான செயல். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

மார்ச் 6, புதன்

மில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராம்! 1823இல் பதினேழு வயதில் சேர்ந்தவர், 1858 வரை லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்குக் கடிதங்கள் வரைந்திருக்கிறார். 1856இல் அந்தக் கடிதப் பிரிவுக்கே தலைமை. இந்தியாவில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

மார்ச் 9, சனி

மில் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வடசென்னை அனல்மின் நிலையம், முதல் இரண்டு கட்டமும் சேர்த்து 1,830 மெகாவாட். கூட்ட வேண்டியது ஆஸ்பத்திரி, ரயில், என் வீட்டு மின்விசிறி. கழிக்க வேண்டியது சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்த இடமெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் நன்மைதான் மிஞ்சுகிறது. தூக்கம் மட்டும் வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அந்த ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் போனேன். ஆற்றில் இறால் தடவுகிற ஒரு அம்மா கரையேறி வந்தார். கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கும் தொழில். முன்பு காலுக்கடியில் சேறு இருந்ததாம், இப்போது சாம்பல். அது இறுகிப்போனால் இறால் தங்குவதில்லை. நான் என் கணக்கைச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கரண்ட் வேண்டுமே அம்மா என்றேன்.

"வேணாம்னு நாங்க சொன்னமா கண்ணு? ஆத்துல கொட்டலாமான்னு எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. பறியில் இருந்ததை இருநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 13, புதன்

மில் நீதிக்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அவரை ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் கேள்விக்குக் கிட்டே வருபவர் இம்மானுவேல் கான்ட். 1785இல் எழுதினார்: மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே.

படித்ததும் 2017 ஜனவரி 28 நினைவுக்கு வந்தது. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையில் எண்ணெய் குழம்பாக ஒதுங்கியது. இயந்திரங்களால் உறிஞ்ச முடியவில்லை. மாணவர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தபோது, கையுறைகூட இல்லாமல் மீனவர்கள் படகிலிருந்து மக்கால் அள்ளினார்கள். கொட்டியவர் ஒருவர், அள்ளியவர் வேறொருவர். தானாக முன்வந்து அள்ளுவது கடமை உணர்வு. வலையெல்லாம் எண்ணெயாகி, பிழைக்க வழியில்லாதவரை வெறுங்கையோடு அள்ளவிடுவது அவரைக் கருவியாக்குவதுதான். இந்த வித்தியாசம் எனக்கு விளங்கவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்தில் தங்கை மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ கரண்டை நிறுத்திடலாமா பெரியம்மா?" என்றான். நிறுத்தச் சொல்லவில்லை. குழாயைச் சரிசெய்யலாம், சாம்பலை அள்ளலாம், முதலில் அந்த ஆற்றில் பிழைப்பவர்களைக் கேட்கலாம்.

இந்தக் குறிப்பு யார் கைக்காவது போனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுங்கள். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே பாலம் வரும்போது சன்னலோரம் இருங்கள். கழுத்தளவு நீரில் தலைகள் தெரியும்.